நட்டுவுக்கு ஒரு பிற்கால ஏற்பாடு

பூட்டுக்காரருக்கு ஒரு செவ்வாய்க்கிழமை நெஞ்சு வலித்தது. வாயுதான், வேறொன்றுமில்லை என்று டாக்டர் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். வாயுவை வாயுவாக விட்டிருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை. ஆனால் வலித்த அந்தக் கால்மணி நேரமும் அவருடைய நாய் கடை வாசலில் நின்றுகொண்டு, போகிறவர் வருகிறவர் கால்சட்டையையெல்லாம் கவ்வி உள்ளே இழுத்தது. அதைப் பார்த்தவருக்கு வலி போய்க் கவலை வந்துவிட்டது. நாம் திடீரென்று கண்ணை மூடிவிட்டால் இதை யார் பார்ப்பார்கள்?

நாயின் பெயர் நட்டு. குட்டியாகக் கடைக்கு வந்த அன்று, நட்டு போல்ட்டு போட்டுவைக்கும் தகர டப்பாவுக்குள் சுருண்டு தூங்கியதால் வந்த பெயர். இப்போது எட்டு வயது. இடது காது கேட்காது. மனைவி போன பிறகு பூட்டுக்காரரின் பேச்சை நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது அந்த வலது காது ஒன்றுதான்.

பூட்டுக்காரர் நல்ல மனிதர். அதாவது, முத்திரை குத்திய காகிதம் எதைக் கண்டாலும் எழுந்து நிற்கிற ரகம். ஆனால் தொழிலில் மட்டும் அவருக்கு இரண்டு பிடிவாதங்கள் உண்டு. ஒன்று, புதுச் சாவி செய்தால் பூட்டில் போட்டு மூன்று முறை திருப்பிப் பார்க்காமல் யார் கையிலும் கொடுக்கமாட்டார். இரண்டு, உரிமையாளர் பக்கத்தில் வந்து நிற்காமல் எந்தப் பூட்டையும் திறக்கமாட்டார். ஒரு பெரிய மனிதர் தன் கார் கதவைத் திறந்து தரச் சொல்லி டிரைவரை அனுப்பியபோது, "பெரிய மனுஷரே வந்து நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். நாற்பது வருடத்தில் அவர் கை ஒருமுறைகூடத் தவறான பூட்டைத் தொட்டதில்லை. அவர் வீட்டு வாசலில் இருந்தது சரியான சாவிக்கு மட்டும் எழும் ஏழு தகடுகளை உள்ளே வைத்து அவரே செய்த பூட்டு. தாழ்ப்பாள் கிடையாது. தாழ்ப்பாள் என்பது பூட்டின்மேல் நம்பிக்கை இல்லாதவன் வைப்பது என்பார்.

கடையும் வீடும் தங்கைக்கு, நட்டுவும் தங்கைக்கு என்று உயில் எழுத வக்கீலிடம் போனார். தங்கை இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் வாய்வார்த்தையில் முத்திரை குத்த முடியாதே.

வக்கீல் பேனாவை மூடினார். "வீட்டை எழுதலாம், கடையை எழுதலாம். நாயை எழுத முடியாது சார். பிற்காலப் பாதுகாப்பு அலுவலகத்துல முத்திரை வாங்கிட்டு வாங்க. இல்லேன்னா, நீங்க போன மறுநாளே அது கேட்பாரற்ற பிராணி. வண்டியில ஏத்திட்டுப் போயிடுவாங்க."

'வளர்ப்புப் பிராணிகள் பிற்காலப் பாதுகாப்பு அலுவலகம்' ஒரு நான்கு மாடிக் கட்டடம். நுழைந்ததும் எதிர்ச்சுவரில் ஆள் உயர எழுத்தில் எழுதியிருந்தது: 'நீங்கள் போனாலும் நாங்கள் இருக்கிறோம்.' அதைப் படித்ததும் பூட்டுக்காரருக்கு ஆறுதல்தான் வந்திருக்க வேண்டும். ஏனோ முதுகில் சில்லென்றது. பினாயில் வாடை மூக்கைத் துளைத்தது. பிராணிகளுக்கான அந்த அலுவலகத்தில் ஒரு குரைப்பு, ஒரு மியாவ், எதுவும் கேட்கவில்லை.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா அம்மாள் ஒரு படிவத்தைத் தள்ளினாள். முப்பத்திரண்டு கேள்விகள். பிராணியின் கல்வித் தகுதி என்ன? பிராணி உரிமையாளரை எவ்வாறு விளிக்கும்? பிராணிக்குப் பிராணிகள் உண்டா? பூட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் மனசாட்சியோடு பதில் எழுதினார். பத்தொன்பதாவது கேள்வியில் பேனா நின்றுவிட்டது. 'உரிமையாளர் இறக்க உத்தேசித்துள்ள தேதி.'

"அம்மா, இது எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுன்னு எழுதினா கோப்பு நகராது சார். ஒரு உத்தேசமாப் போடுங்க. எல்லாரும் மார்ச் கடைசின்னு போடுவாங்க. ஆண்டறிக்கை தயாரிக்கிற நேரம், எங்களுக்கும் வசதி."

பூட்டுக்காரர் யாருக்கும் அசௌகரியம் கொடுத்துப் பழகாதவர். மார்ச் கடைசி என்று எழுதினார். முப்பத்தோராவது கேள்வி, வீட்டுச் சாவியின் நகல். உரிமையாளர் காலமானதும் தாமதமில்லாமல் பிராணியை மீட்க அது தேவையாம். இதில்தான் அவருக்குக் கொஞ்சம் உற்சாகம் வந்தது. கடைக்குப் போய்த் தன் ஏழு தகட்டுப் பூட்டுக்கு இன்னொரு சாவி அறுத்து, ராவி, வீட்டுக் கதவில் போட்டு மூன்று முறை திருப்பிப் பார்த்து, எண்ணெய்த் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். "வெண்ணெய் மாதிரி திரும்பும்மா" என்றார் பெருமையாக. அம்மாள் அதில் ஓர் எண் அட்டையைக் கட்டித் துணியோடு ஆணியில் மாட்டினாள். அங்கே நூற்றுக்கணக்கான சாவிகள் தொங்கின.

கடைசிக் கேள்விக்கு எதிரே அவளே எழுதிவிட்டாள். அவர் கண்ணாடியை உயர்த்திப் படித்தார். 'உடல்: பின்னர் இணைக்கப்படும்.'

"இது என்னம்மா?"

"அது வழக்கமா எழுதறதுதான். அலுவலர் கூப்பிடறார், உள்ள போங்க."

அலுவலர் மிகவும் இனிமையானவர். அறை நிறைய நாய், பூனைப் படங்கள். ஒன்றிலும் மனிதர்கள் இல்லை. உற்றுப் பார்த்தால் சில படங்களின் ஓரத்தில் வெட்டியெடுத்த முழங்கை தெரிந்தது.

"இந்தத் திட்டம் வந்து பதினோரு வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் ஒரு உரிமையாளர்கூட வந்து குறை சொன்னதில்லை" என்றார் அலுவலர்.

"அவங்களால எப்படி சார் வர முடியும்?"

"அதுதான் இந்தத் திட்டத்தோட பலம்!"

"எத்தனை பிராணிகளை சார் சொந்தக்காரங்ககிட்ட ஒப்படைச்சிருக்கீங்க?"

அலுவலர் குழந்தையைப் பார்ப்பதுபோலச் சிரித்தார். "ஒப்படைக்கிறது நம்ம வேலை இல்லையே. பாதுகாக்கிறதுதான் நம்ம வேலை. ஒப்படைச்சுட்டா அப்புறம் எதைப் பாதுகாக்கிறது?" பிறகு முன்னால் சாய்ந்தார். "இனி ஒத்திகை மட்டும்தான் பாக்கி. மூணு நாள் நீங்க இறந்ததாப் பதிவு பண்ணுவோம். பிராணியைக் கூட்டிட்டு வந்து பார்வையில வைப்போம். எல்லாம் சரியா நடக்குதான்னு பார்த்துட்டு முத்திரை குத்திடலாம்."

"ஒத்திகை எல்லாம் எதுக்கு சார்?"

"நீங்க என்ன தொழில் பண்றீங்க? பூட்டா? சாவியைப் போட்டுப் பார்க்காம யாருக்காவது கொடுப்பீங்களா?"

தன் வாழ்நாள் பிடிவாதத்தை இன்னொருவர் வாயால் கேட்கிற சந்தோஷத்தில் பூட்டுக்காரர் ஐந்து இடங்களில் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை சாம்பல் நிற வண்டி வந்தது. சாம்பல் சட்டை போட்ட இரண்டு பேர் இறங்கினார்கள். நட்டு வண்டியில் ஏற மறுக்கவில்லை. அவர்தான் ஏறச் சொன்னார். அவர் சொன்னால் அது கேட்கும். பின்கதவு மூடும்வரை வலது காதைத் தூக்கி, அடுத்து என்ன சொல்லப் போகிறார் என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. "மூணே நாள்டா" என்றார்.

அன்று மாலையே தங்கை அலறியடித்துக்கொண்டு ஓடி வந்தாள். கையில் கறுப்புக் கரை போட்ட கடிதம். 'தங்கள் அண்ணனின் மறைவுக்கு ஆழ்ந்த அனுதாபங்கள். அவர் படிவங்களைப் பிழையின்றி நிரப்பியவர்.'

அண்ணன் ரொட்டி தின்றுகொண்டிருப்பதைப் பார்த்து அவள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் அழுகை கோபமாக மாறியது. "ஏண்ணா, நாயைப் பார்த்துக்கோன்னு சொன்னா நான் பார்த்துக்க மாட்டேனா? இதுக்குப் போய்ச் சாகணுமா?"

"மூணு நாள்தானே" என்றார். "ஒத்திகைதான்."

நான்காம் நாள் காலை, நட்டுவின் சங்கிலியோடு ஜன்னல் முன் நின்றார். அம்மாள் ஏட்டைப் புரட்டினாள்.

"இந்தக் கோப்போட உரிமையாளர் இறந்துட்டாரே. நீங்க யாரு?"

"நான்தாம்மா அவர். ஒத்திகை முடிஞ்சுது. கூட்டிட்டுப் போக வந்தேன்."

அவள் ஏட்டைத் திருப்பிக் காட்டினாள். ஒரு சின்னக் கட்டத்துக்குள் 'மறைவு' என்று இருந்தது. "கட்டம் இவ்வளவுதான் சார். 'ஒத்திகை'ன்னு எழுத இடம் பத்தலை."

"சரி, அதை அடிச்சுட்டு உயிரோட இருக்கார்னு எழுதுங்க."

"அதுக்குக் கட்டமே இல்லையே" என்றாள், உண்மையான வருத்தத்தோடு.

அலுவலர் எழுந்து நின்று இரண்டு கைகளாலும் அவர் கையைப் பற்றினார். "வாழ்த்துகள்! ஒத்திகை அமோக வெற்றி. பிராணி நாலு நாளா எதுவும் சாப்பிடலை. துக்க மதிப்பீட்டுல நூத்துக்குத் தொண்ணூத்தாறு!"

பூட்டுக்காரர் கையை உருவிக்கொண்டார். "சாப்பிடலையா? சார், நான் ஒரு நிமிஷம் அது முன்னாடி போய் நின்னா சாப்பிட்டுரும்."

"அதுதான் ஆபத்து. செத்தவங்களைப் பார்த்துச் சந்தோஷப்படற பழக்கம் ஒரு பிராணிக்கு வரவே கூடாது."

"அப்ப தங்கச்சிகிட்டயாவது கொடுத்துடுங்க. அதுக்குத்தானே இத்தனையும்?"

"துக்கம் தீராத பிராணியை ஒப்படைக்க விதி இல்லை. பதினைஞ்சு நாள் பார்ப்போம். தீரலைன்னா..." அலுவலரின் குரல் தாழ்ந்து இன்னும் இனிமையானது. "நிம்மதி ஊசி ஒண்ணு இருக்கு. வலியே தெரியாது. எங்க திட்டத்துல துக்கத்தோட ஒரு பிராணிகூடக் கிடையாது சார். கணக்கெடுத்துப் பாருங்க, ஒண்ணுகூட இருக்காது."

அதற்கப்புறம் பூட்டுக்காரர் கடையைத் திறக்கவில்லை. மனு எழுதினார். உயிரோடிருக்கும் மனு என்று ஒன்று கிடையாது என்பதால், 'இறப்பில் திருத்தம் கோரும் மனு'வில் எழுதினார். அதை இறந்தவரின் நெருங்கிய உறவினர்தான் கொடுக்க வேண்டும் என்றார்கள். தங்கை கொடுத்தாள். திருத்தத்தில் இறந்தவருக்கு ஆட்சேபம் இல்லை என்று அவர் கைப்படக் கடிதம் வேண்டும் என்றார்கள். பூட்டுக்காரர் எழுதிக் கொடுத்தார். இறந்தவர் எழுதிய கடிதம் செல்லாது என்று இரண்டையும் சேர்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். டாக்டரை அழைத்துப் போனார். டாக்டர் அலுவலர் முன்னாலேயே நாடி பார்த்து, துடிக்கிறது என்றார். இறந்த தேதிக்கு முன்னால் பார்த்திருந்தால் பயன்பட்டிருக்கும் என்று அலுவலர் மிகவும் வருந்தினார்.

ஒவ்வொரு நாளும் அறிவிப்புப் பலகையில் துக்க மதிப்பெண் ஒட்டினார்கள். தொண்ணூற்றேழு. தொண்ணூற்றெட்டு. பதின்மூன்றாம் நாள் நூறு. பக்கத்திலேயே, 'பதினைந்தாம் நாள், காலை பத்து மணி, அறை ஏழு' என்று சின்ன எழுத்தில் டைப் அடித்திருந்தது.

பதினான்காம் நாள் மதியம், கடைசியாக ஒருமுறை கெஞ்சிப் பார்க்கலாம் என்று போனார். உணவு இடைவேளை. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. பிராணிகள் இருந்த பின்கட்டு வாசலில் காவலாளி மட்டும் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தான்.

"பேரு?"

சொன்னார். காவலாளி பட்டியலில் விரலை ஓட்டினான். விரல் நின்றது. "இறந்தவர் பட்டியல்ல இருக்கீங்க. உங்களை நான் பார்க்கவே கூடாது சார்" என்று சொல்லிவிட்டு, செய்தித்தாளை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டான்.

அவர் உள்ளே போனார்.

நீளமான அறை. இருபக்கமும் கூண்டுகள். சத்தம் வராமல் இருந்ததற்குக் காரணம் இப்போது தெரிந்தது. எல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தன. ஓர் ஆமையின் கூண்டில், 'துக்கம் இன்னும் கண்டறியப்படவில்லை: ஒன்பதாம் ஆண்டு' என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு கிளி மட்டும், "யாரு வந்திருக்கா? யாரு வந்திருக்கா?" என்று யாரோ ஒருவருடைய குரலில் கேட்டது.

கடைசிக் கூண்டில் நட்டு கிடந்தது. விலா எலும்புகளை எண்ணிவிடலாம். கேட்காத இடது காது மேலே இருந்ததால் அவர் வந்தது அதற்குத் தெரியவில்லை. கம்பிக்கிடையில் விரலை விட்டார். நட்டு கண்ணைத் திறக்கவில்லை. மூக்கு மட்டும் அசைந்தது. பிறகு வால் ஒரே ஒருமுறை தரையைத் தட்டியது.

கூண்டின் பூட்டைப் பார்த்தார். பொம்மைப் பூட்டு. சட்டைப் பையில் இருக்கும் கொக்கிக் கம்பியை விட்டால் பத்து விநாடி. கை பைக்குப் போனது; போய் அங்கேயே நின்றுவிட்டது. உரிமையாளர் பக்கத்தில் நிற்காமல் பூட்டைத் தொடுவதில்லை. நாற்பது வருடம். முத்திரை குத்திய ஏட்டில் உரிமையாளர் இறந்துவிட்டார். அதற்கும் ஐந்து இடங்களில் கையெழுத்துப் போட்டது அவர்தான். இந்தப் பதினான்கு நாளில் அவருக்கே ஒரு சந்தேகம் உள்ளே புகுந்துவிட்டிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அன்று காலைகூட முகம் மழிக்கும்போது கண்ணாடியில் மூச்சு படிகிறதா என்று ஊதிப் பார்த்திருந்தார்.

"உரிமையாளர் வந்திருக்காரா?" என்று கடை வாடிக்கையாளரிடம் கேட்பதுபோல வாய்விட்டுக் கேட்டார்.

நட்டு தலையைத் திருப்பி வலது காதைத் தூக்கியது.

"நிக்கிறேன்" என்றார் பூட்டுக்காரர். "இதோ, பக்கத்துலதான் நிக்கிறேன்."

பத்து விநாடிகூட ஆகவில்லை.

நாயை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் வெளியே வந்தபோது காவலாளி செய்தித்தாளின் அடுத்த பக்கத்தைத் திருப்பினான். பட்டியல்படி அவர் அங்கே இல்லை. இல்லாதவர் கையில் நாயும் இருக்க முடியாது. சாலைக்கு வந்த பிறகுதான் ஓடத் தொடங்கினார்.

வீட்டில் தங்கை பாலில் ரொட்டியை ஊறவைத்துக் கொடுத்தாள். முதலில் நக்கியது. அப்புறம் தின்றது. அப்புறம் கிண்ணத்தைத் தள்ளிக்கொண்டு அறை முழுக்கப் போனது. அண்ணனும் தங்கையும் தரையில் உட்கார்ந்து அதையே பார்த்துச் சிரித்தார்கள், அழுதார்கள். "நாளைக்கு விடிஞ்சதும் நட்டுவைக் கூட்டிட்டு என் வீட்டுக்கு வந்துடுண்ணா. என்ன வந்தாலும் சேர்ந்து பார்த்துக்கலாம்" என்றாள் போகும்போது. வக்கீல் பாதி எழுதி நிறுத்திக் கொடுத்திருந்த உயிலை அவர் மடித்து அடுப்பில் போட்டார். நல்ல வெளிச்சமாக எரிந்தது.

காலையில் எழுந்து, நட்டுவின் கிண்ணத்தையும் போர்வையையும் பையில் வைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் வண்டி வந்து நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தார். சாம்பல் நிறம். நட்டுவைக் கட்டிலுக்கடியில் தள்ளினார். அவர் சொன்னால் அது கேட்கும், சத்தமில்லாமல் படுத்துக்கொண்டது.

கதவைத் தட்டினார்கள். "உள்ள யாராவது இருக்கீங்களா?"

"நாயைத் தர முடியாது! போங்க!" என்று கத்தினார்.

வெளியே காகிதம் புரளும் சத்தம். "நாயைப் பத்தி இன்னிக்கு ஒண்ணும் இல்லைங்க" என்றது ஒரு குரல், மரியாதையாகத்தான். "ஒரு கோப்புல ஒரே ஒரு இணைப்பு பாக்கி. நேத்துவரைக்கும் 'பின்னர் இணைக்கப்படும்'னு இருந்துச்சு. துக்கம் நூறைத் தொட்டதும் கோப்பை முடிக்கணும், அதான். உங்க பேரு?"

ஒரு மனிதன் தன் வீட்டுக்குள் நின்றுகொண்டு வேறு என்ன சொல்வான்? தன் பெயரைச் சொன்னார்.

"ம், அவர்தான்" என்றது இரண்டாவது குரல். "இறந்தவர். வீட்ல யாரும் இல்லைன்னு எழுதிக்க."

பூட்டுக்காரர் கதவை நோக்கிப் பாய்ந்து, இரண்டு கைகளாலும் தாழ்ப்பாள் இருக்க வேண்டிய இடத்தைத் தடவினார். வழுவழுவென்று வெறும் மரம். கட்டிலுக்கடியில் நட்டு உறும ஆரம்பித்தது.

வெளியே எண்ணெய்த் துணியைப் பிரிக்கிற சத்தம் கேட்டது. சாவி பூட்டுக்குள் நுழைந்தது. ஏழு தகடுகளும் ஒன்றன்பின் ஒன்றாக எழுவது அவருக்குக் கேட்டது. எதிலும் சிக்கவில்லை, எதிலும் தட்டவில்லை. போட்டுப் பார்த்துக் கொடுத்த சாவி. முதல் திருப்பிலேயே திறந்தது.